நாலு மணிக்கு ஒரு கையசைப்பு

"மறுபடியும் அதே ஃபைல்தான் சார் மேல இருக்கு!"

ஹெட் கிளார்க் மூச்சுவிடாமல் கோள் சொன்னார். நடுக்கடல் காற்றாலை, இரண்டாம் கட்டம், அரசு மானியம். அதிகாரி தினமும் அந்த ஃபைலை அடியில் தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கடல் காற்று எங்கே ஓடிவிடப் போகிறது, மெதுவாகப் பார்க்கலாம் என்பது அவர் கட்சி. மறுநாள் காலையில் வந்தால் அது எல்லாவற்றுக்கும் மேலே சமத்தாக உட்கார்ந்திருக்கும்.

"யார் வேலை இது?"

"கிளார்க்கம்மாதான். அவங்க பையன் அந்தக் கம்பெனில மெக்கானிக். நாலு மணி ஆனா போதும், கம்ப்யூட்டர்ல மகனைப் பார்க்க உட்கார்ந்துடுவாங்க."

ஓஹோ, மகனுக்காகவா?

நாலு மணிக்கு அதிகாரி பூனை மாதிரி போய் கிளார்க்கம்மாவின் பின்னால் நின்றார்.

முதல் கட்டத்துக்கு மானியம் கொடுத்த அரசு, காற்றாலைகள் சுற்றுகின்றனவா என்று பார்க்கக் கடலில் ஒரு கேமராவும் வைத்திருந்தது. அதில் ஆரஞ்சுச் சட்டையும் ஹெல்மெட்டுமாக ஓர் உருவம் வந்து நின்றது. கேமராவைப் பார்த்துக் கையசைத்தது.

"சாப்பிட்டியா கண்ணா?" என்றார் கிளார்க்கம்மா திரையிடம். கண் நிறைந்திருந்தது.

பாசத்தை வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? அதிகாரி மெமோ எழுதத் தீர்மானித்து, மகனின் விவரம் கேட்டுக் கம்பெனிக்கு போன் போட்டார்.

"அவரா? போய் ஆறு மாசம் ஆச்சே சார். முதல் கட்டத்துல வேலை குறைஞ்சுபோச்சு, இரண்டாம் கட்டம் வரும் வரும்னு காத்திருந்தார். உங்க ஆபீஸ்ல ஃபைல் நகரலை. வெளிநாட்டுக் கடல்ல வேலை கிடைச்சுது, கிளம்பிட்டார். அம்மா தாங்க மாட்டாங்கன்னு வீட்டுல சொல்லலை."

"அப்போ தினமும் கை காட்டுறது?"

"கூட வேலை பார்த்த பையன். நாலு மணிக்கு எனக்குப் பதிலா நீ கை காட்டுடான்னு சொல்லிட்டுப் போயிருக்கார்."

அதிகாரிக்கு மெமோ எழுதக் கை வரவில்லை. கிளார்க்கம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா... உங்க பையன் இப்போ அங்க..."

"இல்லை. தெரியும் சார்."

"தெரியுமா!"

"பெத்தவளுக்கு மகனோட நடை தெரியாதா? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு முழுக்க அழுதேன். இப்பவும் அவனை ஒரு தடவை பார்த்துட மாட்டோமான்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. போன்ல, 'கை காட்டினேனே, பார்த்தியாம்மா'ம்பான். 'பார்த்தேன்டா'ம்பேன்."

அதிகாரி மேலே இருந்த ஃபைலைப் பார்த்தார்.

"அப்புறம் எதுக்கும்மா தினமும் அந்த ஃபைலை எடுத்து மேல வைக்கிறீங்க? பாஸானா அவன் திரும்பி வந்துடுவான்னா?"

"போனவன் போனவன்தான் சார். ஆனா, கை காட்டுற பிள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பா இல்லையா? நீங்க இன்னும் தள்ளிப்போட்டா இவனும் கிளம்பிடுவான். அவளாவது தன் பிள்ளையைப் பக்கத்துல வெச்சுப் பார்த்துக்கட்டுமே!"