தலைக்கு மேல் ஒரு முஷ்டி

தலை இடிக்கவில்லை.

நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹெல்மெட்டோடுதான். கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டிப் பார்த்தார்.

அப்போதும் இடிக்கவில்லை!

வண்டிப் பரிசோதனை வரிசையில் அவருக்கு முன்னால் நாலு கார்கள். மற்ற ஓட்டுநர்கள் புளியமர நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் காரை விட்டு இறங்கவில்லை. சித்திரை வெயிலில், ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துகொண்டிருக்க, புது மாப்பிள்ளை மாதிரி சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆறடி ஐந்து அங்குலம். கேட்கிறவர் புது ஆளாக இருந்தால் ஆறடி எட்டு. மின்வாரியத்தில் இருந்த முப்பத்து நாலு வருடத்தில் ஏணியைத் தொட்டதே இல்லை என்பார்.

ஓய்வு பெற்ற மறுநாளே இந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஆட்டோகிராஸ். மைதானம் முழுக்க ஆரஞ்சுக் கூம்புகளை வைத்துவிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார். கூம்பைத் தட்டாமல் வளைந்து நெளிந்து சீக்கிரம் வந்து சேர வேண்டும்.

அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? குஷியாக ஓட்டத் தோதான கார் எல்லாமே குள்ளர்களுக்காகச் செய்யப்பட்டிருந்தது. இது உலக நாடுகள் சேர்ந்து செய்த சதி என்றே அவர் நம்பினார்.

ஹெல்மெட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, கோயம்புத்தூரில் பழைய கார் விற்கும் இடம் ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். முப்பத்தொன்பது கார்கள். கூடவே போன மனைவி சுலோச்சனாவைக் கேட்டால் பதினொன்று என்பாள்.

ஒன்றில் முழங்கால் ஸ்டியரிங்கைத் திருப்ப விடவில்லை. ஒன்றில் தலையைச் சாய்த்தே ஓட்ட வேண்டியிருந்தது. வலது பக்கம் திரும்பும்போது மட்டும் சௌகரியம். ஒன்றில் ஏறியவரை வெளியே இழுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. தீயணைப்பு வண்டி வந்தது என்று அவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

கடைசியில் இது.

பீட்ரூட் நிறம். இருபது வருடப் பழசு. பம்பர் ஒரு பக்கமாகச் சிரித்தது. ஆனால் கதவைச் சாத்தியதும் தலைக்கு மேல் ஒரு கல்யாண மண்டபம்.

விதியையும் அவர் மறக்கவில்லை. ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முஷ்டி நுழைய வேண்டும். சுலோச்சனாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, முஷ்டியை விடச் சொன்னார். வளையலோடு உள்ளே போனது. வளையலோடு வெளியே வந்தது.

அன்று வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தவளும் அவள்தான். துடியலூர் வளைவில் அவள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. வழியெல்லாம் கூரையைத் தடவிக்கொண்டே வந்தார்.

வரிசை நகர்ந்தது.

பரிசோதகர் நஞ்சப்பன் வந்தார். நுழைவுப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர்கள் வரை பேர் எழுதலாம். முதல் கட்டத்தில் அவர் பேர். இரண்டாவது காலி.

படிவத்தைக் கூரைமேல் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டார்.

கையா அது? பலாப்பழம்.

நுழையவில்லை.

மடக்கி, திருப்பி, பக்கவாட்டில் விட்டார்.

நுழையவில்லை.

"ஏனுங்ணா, போகமாட்டேங்குதுங்களே."

"எங்கூட்டுக்காரி கை போச்சுங்க தம்பி! வளையலோட போச்சு!"

"அம்மிணி கை போகுமுங்க. விதியில அம்மிணி கைன்னு போடலீங்களே. கூரையில ஒரு ஓட்டை போட்டுக்கறீங்களா?"

நிழலில் டீ குடித்தவர்கள் சிரித்தார்கள்.

இத்தனை பார்த்தவர், யாருடைய முஷ்டி என்று மட்டும் பார்க்கவில்லை.

முதல் கார் புறப்படுகிற சத்தம் கேட்டது. டயர் கிறீச்சிட்டது. ரப்பர் வாசனை வந்தது. நாற்பதாவது காரைத் தேட அவருக்குத் தெம்பில்லை.

"பத்தே நிமிசம் குடுங்க தம்பி."

கதவைத் திறந்து இறங்கினார். இறங்கி முடிக்கவே ஒரு நிமிடம் போய்விட்டது. அவரோடு வந்து புளியமர நிழலில் உட்கார்ந்திருந்த சுலோச்சனா எழுந்து வந்து, வெள்ளரிக்காய் நறுக்க வைத்திருந்த கத்தியைக் கேட்காமலே நீட்டினாள்.

இருக்கையின் உறையைக் கிழித்தார். உள்ளே கையை விட்டுப் பிடுங்கினார். பஞ்சு மெத்தை முழுசாக, பெரிய இட்லி மாதிரி, கையோடு வந்தது. தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து வெறும் தகட்டில் போட்டார். உட்கார்ந்தார்.

தோசைக்கல்.

பல்லைக் கடித்துக்கொண்டார்.

நஞ்சப்பன் கையை விட்டார். பலாப்பழம் நின்றது. முண்டியது. திணறியது.

நுழைந்தது.

கண்ணாடியில் எண் ஒட்டினார்கள். இருபத்தேழு. அவர் போட்ட கூச்சலில் மருதமலை வரைக்கும் மயில்கள் எழுந்து பறந்தன. இடுப்புக்குக் கீழே எல்லாம் பொரிந்துகொண்டிருந்தது. இருக்கட்டும்! தலைக்கு மேல் ஒரு முஷ்டி, ஆகாயம் மாதிரி, அவருக்கே அவருக்காக.

மடியில் கிடந்த பஞ்சைத் தூக்கி வேலியோரம் எறியக் கையை ஓங்கினார்.

"ஏனுங்க, அதைய வீசிப்போடாதீங்க."

சுலோச்சனா. நாலடி பத்து அங்குலம்.

அவர் கையிலிருந்து பஞ்சை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அதன் உயரத்தைப் பார்த்தாள். முன் கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடி பஞ்சைப் பார்த்தாள்.

பிறகு எக்கி, கூரைமேல் கிடந்த படிவத்தை எடுத்தாள். நஞ்சப்பனிடம் பேனா கேட்டாள்.