காய்ந்த மை

கிராம சபைப் பந்தலின் கிழிசலில் ஒழுகும் வெயில் தனபாக்கியத்தின் மை தொட்ட பெருவிரலில் பளபளக்கிறது. தீர்மான நோட்டின் பக்கமோ வெள்ளையாகக் கிடக்கிறது. “ரேகையை வைங்கக்கா, அப்பறமா எழுதிக்கிறேன்” என்கிறார் ஊராட்சிச் செயலர். “போன வருசமும் அப்புடித்தான் வச்சேன் சார். வாய்க்கால்ல இன்னும் அந்தப் பனமரந்தான் பாலமாக் கெடக்கு, நடவுக்குப் போறவளுக எல்லாம் வழுக்கி விழுறோம். இப்பவே எழுதி, சத்தமாப் படிங்க.” “மை காஞ்சிருமே!” “காயட்டும், டப்பா நெறையா இருக்குல்ல?” பந்தலே கொல்லென்று சிரிக்கிறது. செயலரும் சிரித்துக்கொண்டே, கீழத்தெரு வாய்க்காலுக்குக் கைப்பிடியோடு நடைபாலம் என்று எழுதிப் படிக்கிறார். அவள் விரல் இன்னும் இறங்கவில்லை. “கைப்பிடி ரெண்டு பக்கமும்னு போடுங்க.” அதையும் சேர்த்துப் படித்த பிறகே, காய்ந்த விரலை மறுபடி மையில் தோய்த்து, கடைசி எழுத்தை ஒட்டி, இன்னொரு சொல் நுழைய இடமில்லாமல் அழுத்துகிறாள்.