வெறும் தண்ணி

“யோவ், வெறும் தண்ணிய மருந்துன்னு வித்துட்டு இன்னா தைரியமா உக்காந்துகினு இருக்கே?”

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் பகலவனின் பூச்சிமருந்துக் கடையே அதிர்ந்தது. வடக்கனந்தலில் இருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள் நர்மதா. காலி மருந்து டப்பாவை அவர் முன்னால் வீசினாள்.

“ஒரு புழு சாவலய்யா! மருந்தடிச்ச பருத்தியில அதுங்க ஊர்கோலம் போய்க்கினு இருக்குது. காய் பூரா ஓட்டை. குத்தகை நெலம், மொத்தமும் போச்சு. மிச்சம் இருக்கறது சினையா இருக்கற செவலப் பசு ஒண்ணுதான். அது கன்னு போட்டாதான் எம் புள்ளைங்களுக்குச் சோறு!”

“இதே மருந்த ஊர்ல நாலு பேரு வாங்கினாங்க. யாரும் கொற சொல்லலியே அக்கா.”

“அப்ப நான் பொய் சொல்றேனா? மருந்து கலக்கின டிரம்முல மோந்து பாத்தேன், நெடியே இல்ல. போலி மருந்து வித்த உன்ன சும்மா வுடமாட்டேன்!”

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பகலவன் குரலைத் தணித்துக்கொண்டார்.

“எப்ப கலக்கினீங்க?”

“பத்து நாளுக்கு முன்ன. மருந்தடிக்கிற சின்னக்கண்ணு வர்றேன்னாரு. வந்ததும் அடிக்கட்டும்னு டிரம்மு நெறைய கலக்கி வச்சேன். மழை புடிச்சிக்கிச்சு. ஆறு நாள் கழிச்சுதான் அடிச்சாரு. அதுக்கு இன்னா இப்போ?”

“ஆறு நாளா?” பகலவன் எழுந்தே விட்டார். “அய்யய்யோ! கலக்கின அன்னிக்கே அடிக்கணும்க்கா. தண்ணியில கெடந்தா மருந்து உடைஞ்சு வேற ஒண்ணா மாறிடும். புழு எப்படி சாவும்?”

“பாத்தியா, வெறும் தண்ணிதானே!”

“இல்லக்கா. நெடி போனாலும் நஞ்சு போவாது. சில மருந்து அப்படி மாறினப்புறம் ஆடு மாடு, மனுசங்களுக்கு முன்னவிட ஜாஸ்தி ஆபத்து.”

“இத விக்கறப்பவே சொல்றதுக்கு இன்னா? வாய வாடகைக்கு வுட்டிருந்தியா?”

“டப்பாவுலயே போட்டிருக்குதேக்கா.”

“எறும்பு சைசுல போட்டா எவன்யா படிப்பான்? நாங்க பூதக்கண்ணாடி வச்சிக்கினா வெவசாயம் பண்றோம்?”

“என்னை அப்புறம் திட்டுங்க. டிரம்முல மீதி இருந்துதா? அதை என்ன பண்ணீங்க?”

அவரை அடிக்கக் கை ஓங்கிய நர்மதா அப்படியே நின்றாள்.

“வெறும் தண்ணிதானேன்னு... காலையில கெளம்பறப்ப செவலையோட தண்ணித் தொட்டியில ஊத்திட்டு வந்தேன்.”