பதினோரு தப்பு

அந்த ஃபோட்டோவைப் பார்த்ததும் சிங்காரவேல் மேஸ்திரிக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. சந்தேகமே இல்லை, அவருடைய சைட்டுதான். வடலூரில் அவர் பாதி கட்டி வைத்திருக்கும் வீடு அச்சு அசலாக மேஜை மேல் கிடந்தது.

"இந்த சைட்ல என்னென்ன தப்பு நடக்குதுன்னு சொல்லுங்க மேஸ்திரி. அஞ்சு சொன்னா பாஸ்" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த இன்ஜினீயர் ரெஜினா மேடம்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் மூன்று நாளாக நடந்த பயிற்சியின் கடைசிப் பரீட்சை அது. தண்ணீர், மணல், சிமெண்ட் எதையும் பாழாக்காமல் கட்டுவது எப்படி என்று மேஸ்திரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த சர்ட்டிஃபிகேட் இல்லாத மேஸ்திரிக்குப் புது குவார்ட்டர்ஸ் வேலையில் கேட் பாஸ் கிடையாது என்று கான்ட்ராக்டர் அடித்துச் சொல்லிவிட்டார்.

ஒன்றரை வருஷ வேலை. அவரை நம்பிக் காடாம்புலியூரில் பதினாலு ஆட்கள் காத்திருந்தார்கள். மனைவி பட்டம்மாளோ, புருஷன் இன்ஜினீயருக்குப் படிக்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

முதல் நாளே மேடம் எச்சரித்திருந்தார். "உங்க சைட்டுக்கெல்லாம் சொல்லாமக் கொள்ளாமப் போய்ப் பார்த்துட்டுதான் வந்திருக்கேன்." வசமாக மாட்டிக்கொண்டோம் என்று மேஸ்திரிக்குப் புரிந்துபோயிற்று.

ஃபோட்டோவை இன்னொரு தரம் பார்த்தார். தரையில் கிடக்கும் சிமெண்ட் மூட்டை, ஓடிக்கொண்டிருக்கும் ஹோஸ், உடைந்த கல் குவியல், எல்லாம் அவர் கைங்கரியம்தான். கறுப்பாக இருக்க வேண்டிய தண்ணீர் டிரம் மட்டும் நீலமாக இருந்தது. சித்தாள் யாராவது மாற்றி வைத்திருப்பார்கள். இருக்கிற பயத்தில் டிரம்முக்கெல்லாம் யார் கவலைப்படுவது?

ஒரே வழிதான் இருந்தது. யாரோ மூன்றாம் மனுஷனைத் திட்டுவதுபோல் தன்னைத்தானே திட்டித் தப்பிக்க வேண்டும். அதற்கு வேண்டிய வார்த்தைகளைப் பட்டம்மாள் இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

"ஒண்ணு, சிமெண்ட் மூட்டைய வெறுந்தரையில அடுக்கிக்கினு இருக்கான் மேடம். கீழ் வரிசை பூரா கல்லாப் போயிருக்கும். பலகை போடத் துப்பில்லாதவனெல்லாம் மேஸ்திரியா?"

"ம், அப்புறம்?"

"செவுரு காயாம இருக்க க்யூரிங்குன்னு ஹோஸைத் தொறந்து வுட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டான் சோம்பேறி. தண்ணி ரோட்டுல ஓடிக்கினு இருக்குது. ஈரச் சாக்கு சுத்தினா கால்வாசித் தண்ணி போதும்னு நீங்க நேத்துதான் சொன்னீங்க."

"டீ குடிக்கப் போனது ஃபோட்டோவுல தெரியலையே?"

"போயிருப்பான் மேடம். ரெண்டு வடையும் தின்னுருப்பான். இவனுங்கள எனக்குத் தெரியாதா?"

மேடம் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லை லாரியிலிருந்து அப்படியே சரித்துக் கொட்டியது, மணலை மூடாமல் மழையில் கரையவிட்டது, பூசி முடித்த சுவரை மறுபடி கொத்தி பைப் பதித்தது என்று மீதி மூன்றையும் மேஸ்திரி மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

"அஞ்சு ஆச்சு மேடம்."

"மேல சொல்லுங்க" என்றார் மேடம், நோட்டிலிருந்து பேனாவை எடுக்காமல்.

மேடத்துக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மேஸ்திரி இன்னும் காட்டமாகத் திட்டினார். ஆறு, ஏழு என்று போய், எட்டாவதிலிருந்து எதுவுமே ஃபோட்டோவில் இல்லை. காலையில் போட்ட கலவை இறுகிப்போனால் மத்தியானம் தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பூசுவது, உடைந்த கல்லையெல்லாம் பின்பக்கம் கொட்டி மண் போட்டு மூடுவது, எல்லாம் வந்து விழுந்தது. பதினொன்றில்தான் மூச்சு வாங்கியது.

மேடத்தின் முகம் வெளுத்திருந்தது. "இதெல்லாம் இனிமே சரி பண்ண முடியுமா மேஸ்திரி?"

"ஆளு சரியா இருந்தா முடியும் மேடம். இந்த உருப்படாதவன வெச்சிக்கினு முடியாது."

"அங்கேயே நின்னு பார்த்த மாதிரி சொல்றீங்களே, எப்படி?"

தன் வாயாலேயே தன் வேலையின் அழகைக் கேட்டதில் மேஸ்திரிக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வடலூர் வீட்டுக்காரர் வைத்திலிங்கம் தினமும் டீ வாங்கிக்கொடுத்து, "நல்லா கட்டுங்கப்பா" என்று கும்பிடுகிற மனுஷன்.

மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார். "மன்னிச்சிடுங்க மேடம். அந்த உருப்படாதவன் நான்தான். டீ குடிக்கப் போனதும் நான்தான், வடை தின்னதும் நான்தான். பொய் சொல்லித் தப்பிச்சிக்கலாம்னு பார்த்தேன். என்னை ஃபெயில் பண்ணிடுங்க, ஆனா அந்த வூட்டை முழுசா சரி பண்ணிக் குடுத்துடறேன்."

மேடம் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, அவர் பக்கம் தள்ளினார். அது சர்ட்டிஃபிகேட்.

"எனக்கா மேடம்? என் சைட்டு இந்த லட்சணத்துல கெடக்குதுன்னு தெரிஞ்சுமா?"

மேடம் ஃபோட்டோவை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது உங்க சைட்டு இல்ல மேஸ்திரி, நான் கட்டிக்கிட்டு இருக்கிற வீடு."