மௌஸ் இல்லாத அச்சகம்

"நான் இல்லேன்னா இந்த அச்சகம் மூணு நாள் தாங்காது. அப்படியே போட்டுட்டு எப்படி வர்றது?" என்றான் அவன் போனில்.

"ரெண்டு வருஷமா இதே பாட்டு," என்றாள் மனைவி, எட்டு மணி நேரப் பயணத் தூரத்திலிருந்து. "புதன்கிழமை வந்து சேரலேன்னா இங்க உங்களுக்குச் சொல்லிவெச்ச வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பாப்பா உங்களை போன்லதான் அப்பான்னு கூப்பிடுறா. நேர்ல பார்த்தா மாமான்னு கூப்பிடப்போறா, பாத்துக்குங்க."

போனை வைத்துவிட்டாள். சனிக்கிழமை மதியம், எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்கள் அச்சாகும் இடம் அது. அவற்றை வடிவமைக்கும் மூன்று கணினிகளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

சொந்தக் காசில் வைத்துக்கொண்ட சூனியம்தான். ஏழு வருஷத்துக்கு முன், அவனுக்கு முந்தி அந்த நாற்காலியில் இருந்தவரை ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். தனக்கும் அந்தக் கதி வரக்கூடாதென்று, இவன் மூன்று கணினிகளிலும், திரையில் ஜன்னல்களைத் திறந்து அடுக்கும் மென்பொருளாக, ஒரு விசித்திரமான விண்டோ மேனேஜரைப் போட்டுவைத்தான்.

அதில் படம் கிடையாது, பட்டியல் கிடையாது. திறந்தால் வெறும் கறுப்புத் திரை. எந்த விசையோடு எந்த விசையைச் சேர்த்து அழுத்தினால் எந்த ஜன்னல் எங்கே போய் நிற்கும் என்பது தெரிந்தவனுக்கு வீணை, தெரியாதவனுக்கு விறகு. மௌஸ்களையெல்லாம் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டான். யாராவது கிட்டே வந்தால், "தொடாதீங்க, எல்லாம் அழிஞ்சுடும்!" என்று பாய்வான்.

வேலை நிலைத்தது. அவனும் நிலைத்துவிட்டான், சுவரில் அறைந்த ஆணி மாதிரி.

போன மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தபோதுகூடப் போனைத் தலைமாட்டில் வைத்திருந்தான். ஒருமுறையும் அடிக்கவில்லை. திரும்பி வந்தபோது வேலையும் குவிந்திருக்கவில்லை. நல்லவேளை, ஆர்டர் வரவில்லைபோலும் என்று நினைத்துக்கொண்டான்.

இனி ஒரே வழி, அதை எடுத்துவிட்டு எவரும் ஓட்டக்கூடிய ஒரு டெஸ்க்டாப் மென்பொருளைப் போடுவது. முதலில் போட்டது அழகிதான். ஆனால் பழைய கணினி அதைச் சுமக்க மாட்டாமல் மூச்சு வாங்கியது. அடுத்ததில் முதலாளி உள்ளே போனால் திரும்பி வர வழி கேட்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது பரம சாது. கீழே ஒரு பட்டை, பெரிய பெரிய படங்கள். குழந்தைகூட ஓட்டும். மூன்றிலும் அதையே போட்டு, பழையதை அதன் அமைப்புகளோடு சுவடில்லாமல் அழித்தான். மௌஸ்களைத் தூசி தட்டி மாட்டினான்.

திங்கட்கிழமை காலை ராஜினாமாக் கடிதத்தைத் தயங்கித் தயங்கி நீட்டினான்.

முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா இவ்வளவு தயங்கினே? பொண்டாட்டி புள்ளைகிட்ட போறவனை நான் தடுப்பேனா? போன வருஷமே கேட்டிருந்தாலும் விட்டிருப்பேனேப்பா!"

"வேலை நின்னுடக் கூடாதுல்ல சார். இப்ப யார் வேணா ஓட்டலாம், பாருங்க."

பிழைதிருத்தும் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கணினி முன் உட்கார்ந்தார். வலதுகைப் பக்கம் இருந்த மௌஸை, யாரோ மறந்துவைத்த சாமான் என்பதுபோலத் தள்ளிவைத்தார். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்று விசைகள். அப்போதும் இல்லை.

"அக்கா, அந்தப் படத்து மேல வெச்சு அழுத்துங்க, போதும்."

"படம் இருக்கட்டும் தம்பி. பழசு எங்க?"

"அழிச்சுட்டேன்க்கா. அது உங்களுக்கெல்லாம் எங்க புரியப்போகுது!"

அக்கா முதலாளியைப் பார்த்தார். முதலாளி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, கடிதத்தை மடித்து அவனிடமே நீட்டினார்.

"நீ கோவிச்சுக்குவேன்னு ஒளிஞ்சு ஒளிஞ்சு அந்தப் பழசைக் கத்துக்கவே எங்களுக்கு மூணு வருஷம் ஆச்சே, தம்பி!" என்றார் அக்கா.