கம்பவுண்டரின் கடைசிப் பதில்

மகன் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன துப்பறியும் விளையாட்டில், இருமல் மருந்தில் விஷம் கலந்தது கம்பவுண்டர் தேவசகாயம்தான் என்று மங்கையர்க்கரசி மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். 'கைது செய்' பொத்தானைத் தொட்டால் ஆட்டம் முடிந்துவிடும், அவள் தொடவில்லை. கேள்விகள் தீர்ந்த பிறகு யாரைக் கிளிக் செய்தாலும் ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வரும். மற்றவர்கள், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எரிந்து விழுவார்கள். தேவசகாயம் மட்டும், "அதான் எல்லாம் சொல்லிட்டேனேம்மா. நீங்க சாப்ட்டீங்களா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் செய்தான். "கொலைகாரன் யாருன்னு கண்டுபுடிச்சியாம்மா?"

"இன்னும் இல்லப்பா."

அவன் சரி என்று வைத்துவிட்டான். அவள் சோற்றுத் தட்டோடு வந்து தேவசகாயத்தைக் கிளிக் செய்தாள். அவர் கேட்டார்.

"இதோ, இப்பத்தான் உக்காந்தேன்" என்றாள்.