பல்லி சொல்லாத செய்தி

அந்த நெல் கிடங்கில் பல்லி போட்ட ‘ச்சு... ச்சு...’ சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. எலிகளான எங்களுக்கு அதுதான் செய்தித்தாள். யார் எதைச் சொன்னாலும், உண்மையானால் பல்லி சத்தம் கொடுக்கும். பொய்யானால் பேசாமல் இருக்கும்.

தலைவர் பெருச்சாளி ஒருநாள் மூட்டைமேல் ஏறி, “நான் ஒரு நெல்லைக்கூடத் தொட்டதில்லை!” என்றார். எல்லோரும் சுவரைப் பார்த்தோம். பல்லி கம்மென்று இருந்தது.

“தலைவரே, மீசையில உமி,” என்றது ஒரு சுண்டெலி.

“இந்தப் பல்லி எதிர்க்கட்சி ஆளு!” என்று பெருச்சாளி அதன்மேல் பாய்ந்தார். பல்லி வாலை உதறிவிட்டுக் கூரைக்கு ஓடியது. அதன் இடத்துக்கு ஒரு சில்வண்டு வந்தது. தலைவர் வாயைத் திறந்தாலே அது ‘ரீ...’ என்று ஆமோதிக்கும். அவருக்கு ஒரே குஷி.

ஒரு காலையில், “வாசல்ல பூனை இல்லை, நான் கிளம்புறேன்,” என்றார். சில்வண்டு உற்சாகமாகக் கத்தியது.

“கூரையில பல்லி சத்தமே போடலையே, தலைவரே...” என்றது அதே சுண்டெலி.

“அதை யாருய்யா கேட்டா?” என்று நெஞ்சை நிமிர்த்தி வெளியே போனார்.

உயிரோடு திரும்பிவிட்டார். வால் மட்டும் பூனையோடு போயிற்று.

பல்லிக்கு அடுத்த மழைக்குள் வால் முளைத்துவிட்டது. தலைவருக்குக் கடைசிவரை முளைக்கவில்லை.